நாயகி வீட்டில் இல்லாதபோது அத்தை என்ன செய்கிறார்?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். 38 அத்தியாயம், ஏறக்குறைய 70,000 சொற்களில் ஒரு நாவல் எழுதியிருக்கிறீர்கள். பாபநாசம் பக்கத்து ஊரில் அப்பா இறந்து ஓராண்டு ஆன வீடு. அண்ணன் சரவணன் நிலத்தைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ள, 27 வயது மலர்விழியிடம், அவள் தன் பங்கை விட்டுத்தருவதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறான். போடுவாளா, மாட்டாளா என்பதுதான் கதை. முதல் வரைவைப் படித்த மூன்று பேரும் துணைப்பாத்திரங்களுக்கு உயிர் இல்லை என்று சொல்ல, தோழி நித்யாவுக்கு ஒரு காதல் கதையை 9 அத்தியாயங்களில் சேர்த்தீர்கள். இப்போது அதே மூன்று பேரும் அந்த 9 அத்தியாயங்களைப் புரட்டித் தள்ளிவிட்டுப் படித்தோம் என்கிறார்கள். கிளைக்கதையை எப்படி அழுத்தமாக எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நித்யாவின் அத்தியாயங்களில் எழுத்து சரியில்லை என்று யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவற்றைத் தாண்டினாலும் மலர்விழியின் கதை புரிந்துவிட்டது, அதனால் தாண்டினார்கள். ஆகவே உண்மையான கேள்வி, இந்த நாவலில் யாருடைய கிளைக்கதைக்கு இடம் இருக்கிறது, அது மையக்கதையில் எந்த இடத்தில் ஒட்ட வேண்டும் என்பதே.

கைப்பிரதிகளைத் திருத்தும் வேலையில் தயக்கமில்லாமல் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. கிளைக்கதை இரண்டு வழிகளில்தான் மையக்கதையோடு ஒட்டும். ஒன்று செயலால்: துணைப்பாத்திரம் தன் காரணத்துக்காகச் செய்யும் ஒரு காரியம் நாயகியின் வழியை மாற்றுகிறது. மற்றது பொருளால்: நாயகி எந்தச் சிக்கலில் நிற்கிறாளோ அதே சிக்கலில் இன்னொருவரும் நின்று, வேறு விடை சொல்லியிருக்கிறார். இரண்டும் கூடினால் நல்லது, ஒன்றாவது கட்டாயம் வேண்டும். நித்யாவின் காதலில் இரண்டும் இல்லை. அது மலர்விழியின் தெருவில் நடக்கிறது, அவ்வளவுதான்.

பொருளால் ஒட்டுவது எப்படி என்பதற்குச் சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையைப் போன்ற பாடம் வேறு இல்லை. அதில் வரும் தேவந்தி, கண்ணகியின் பார்ப்பனத் தோழி. அவள் கணவன் சாத்தன் ஒரு தெய்வம். எட்டாண்டு உடன் வாழ்ந்துவிட்டு, மூப்பில்லாத தன் உருவைக் காட்டி, தன் கோயிலுக்கு வரச் சொல்லிவிட்டு நீங்குகிறான். அவள் அந்தக் கோயிலில் வழிபட்டுக்கொண்டே இருக்கிறாள். கணவன் பிரிந்த அந்தத் தேவந்தி, கணவன் பிரிந்த கண்ணகியிடம் வருகிறாள். கடலோடு காவிரி கலக்கும் இடத்தில் இருக்கும் இரு குளங்களில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவனோடு கூடி இன்புறலாம் என்கிறாள். கண்ணகி சொல்வது ஒரே சொல்தான்: ‘பீடன்று.’ அது பெருமை ஆகாது என்று பொருள். தேவந்தி அங்கே இல்லாவிட்டால் அந்தச் சொல்லைச் சொல்ல இடமே கிடைத்திருக்காது. அதற்கு முன் கண்ணகியைப் பொறுமைசாலி என்று மட்டும் நினைத்துக்கொண்டிருப்போம். அந்தப் பொறுமைக்குள் எவ்வளவு தன்மதிப்பு இருந்தது என்பது, அதே துன்பத்தில் வேறு வழியில் போன ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகே தெரிகிறது. தேவந்தியின் முன்கதைக்கு ஆகும் அடிகள் மிகச் சில. அந்தச் சிக்கனத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்துப் பயிற்சிகளில் அடிக்கடி சொல்லித்தரும் ஒரு சோதனை உண்டு: கிளைக்கதையை முழுக்க எடுத்துவிட்டுப் பார், மையக்கதையில் எந்தக் காட்சியும் உடையாவிட்டால் அது வேண்டாத கதை. பாதிதான் சரி. தேவந்தியை எடுத்துவிட்டாலும் கோவலன் திரும்பி வரத்தான் போகிறான், மதுரைக்குப் போகத்தான் போகிறார்கள். சம்பவம் எதுவும் உடையாது, பொருள்தான் உடையும். ஆகவே எடுத்துப் பார்க்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். எந்தக் காட்சி நடக்காமல் போகிறது? எந்தக் காட்சி நடந்தும் வெளிறிப்போகிறது? இரண்டுக்குமே விடை ‘எதுவுமில்லை’ என்றால் வெட்டுங்கள். ஊரையே பாத்திரமாக வைத்து எழுதும் நாவல்களுக்கு இந்தச் சோதனை அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே மையக்கதை என்று ஒன்றைப் பிரித்தெடுப்பதே கடினம். உங்களுடையது அப்படிப்பட்டதல்ல. ஒரு கையெழுத்தைச் சுற்றி நிற்கிற கதை அது.

அடுத்து, புதிதாக ஆள் தேடாதீர்கள். விடுதலைப் பத்திரம் என்றால் அதைச் சுற்றி யார் யார் நிற்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எழுதித்தரும் பத்திர எழுத்தர், இரண்டு சாட்சிகள், அண்ணன், அண்ணி, அம்மா, இதே குடும்பத்தில் முன்பு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன ஒரு பெண். கடைசியில் சொன்னவர் உங்கள் கைப்பிரதியில் ஏற்கெனவே இருக்கிறார். அப்பாவின் தங்கை ராஜாமணி அத்தை, நான்கு இடங்களில் வந்து காபி குடித்துவிட்டுப் போகிறார். நான்காம் அத்தியாயத்தில் ‘அத்தை எப்பவோ எழுதிக் குடுத்துட்டா’ என்று அம்மா ஒரு வரி சொல்கிறார், பிறகு யாரும் அதைத் தொடவில்லை. உங்கள் கிளைக்கதை அந்த வரிக்குள் இருக்கிறது.

எப்பவோ என்றால் எப்போது? இந்த இடத்தில் ஆண்டு முக்கியம். தமிழ்நாட்டில் மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு தந்த சட்டத்திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005 செப்டம்பரில்தான் வந்தது. அத்தைக்கு 1984-ல் கல்யாணம் என்று வைத்தால், தமிழ்நாட்டுத் திருத்தம் அவரைத் தொடாமலே போயிருக்கும்; அது விதியைப் பற்றிய கதை. 1995-ல் கல்யாணம் என்று வைத்தால், அவருக்கு உரிமை இருந்தது, இருந்தும் எழுதிக் கொடுத்தார். அது முடிவைப் பற்றிய கதை. மலர்விழி நிற்பதும் முடிவு எடுக்க வேண்டிய இடத்தில்தான். ஆகவே 1995-ஐ வையுங்கள். ஒரே ஓர் எண்ணை மாற்றியதில், காபி குடிக்க வந்தவர் நாயகிக்கு எதிரே வைத்த கண்ணாடி ஆகிறார்.

இனி அத்தைக்கு ஒரு தாளை ஒதுக்கி ஐந்து விடைகளை எழுதுங்கள். நாவல் தொடங்குவதற்கு முன்பே அவர் எதை விரும்பிக்கொண்டிருந்தார்? அதற்குக் குறுக்கே நிற்பது யார் அல்லது எது? மலர்விழி எடுக்கும் முடிவால் அவருக்கு என்ன இழப்பு வரலாம்? கடைசிப் பக்கத்தில் அவர் எங்கே நிற்கிறார்? ஐந்தாவது, பலரும் எழுதாமல் விட்டுவிடும் கேள்வி: நாயகி பக்கத்தில் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் அவர் என்ன செய்துகொண்டிருப்பார்? இதற்கு விடை வரவில்லை என்றால் அந்தப் பாத்திரம் நாயகியிடம் ‘என்ன ஆச்சு?’ என்று கேட்பதற்காகவே படைக்கப்பட்டது என்று பொருள். உங்கள் நித்யா அப்படித்தான் தொடங்கினாள். அதை மறைக்கத்தான் காதல் தேவைப்பட்டது.

அத்தையின் விருப்பம் பெரிதாக இருக்கத் தேவையில்லை, குறிப்பாக இருந்தால் போதும். ‘மரியாதை வேண்டும்’ என்று எழுதினால் காட்சி வராது. ‘ஒவ்வொரு பொங்கலுக்கும் பிறந்த வீட்டிலிருந்து வரிசை வர வேண்டும்’ என்று எழுதினால் வரும். அவர் நிலத்தை விட்டுக்கொடுத்ததே அதற்காகத்தான்: பங்கு போனாலும் வாசல் திறந்திருக்கும், அண்ணன் வருவார், கரும்பும் மஞ்சள் கொத்தும் வெல்லமும் புடவையும் வரும், தெரு பார்க்கும். இப்போது அண்ணன் இல்லை. சரவணன் அனுப்புவானா? அத்தையின் முழுக் கவலையும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும்.

நீங்கள் மலர்விழியின் தோளுக்குப் பின்னாலிருந்தே கதை சொல்கிறீர்கள், அவள் பார்க்காதது நாவலில் இல்லை. அப்படியானால் அத்தையின் கதையை எப்படிக் காட்டுவது என்ற சந்தேகம் வரும். அவருக்காகத் தனி அத்தியாயம் எழுதிப் பார்வையை உடைக்காதீர்கள். தடயம் வையுங்கள். ஒரே பொருள் நான்கைந்து முறை வரட்டும், வரும்போதெல்லாம் நிலை மாறியிருக்கட்டும். மூன்றாம் அத்தியாயத்தில் மலர்விழி அத்தை வீட்டுக்குப் போகும்போது, கொல்லையில் போன பொங்கலின் கரும்புத் தோகை காய்ந்து கிடக்கிறது. அத்தை அதை எரிக்கவில்லை. பத்தாவதில் அத்தை ஒரு புடவையை எடுத்துக் காட்டுகிறார், ‘ஒங்கப்பா கடைசியா எடுத்தது’ என்று மடிப்புக் கலையாமல் திரும்ப வைக்கிறார். பதினெட்டாவதில் பொங்கல் வருகிறது. சரவணன் வண்டி எடுக்கவில்லை, அத்தை மகனின் போனுக்கு 1,000 ரூபாய் அனுப்பிவிட்டான். அத்தை வாசல் கோலத்தைத் தாண்டி நின்று, பக்கத்து வீட்டுக்காரியிடம் ‘பையன் நாளைக்கு வரான்’ என்கிறார். இதில் எங்கேயும் அத்தை அழ வேண்டாம், விளக்கவும் வேண்டாம். வாசகர் தானாகக் கணக்குப் போட்டுக்கொள்வார், அப்படிப் போட்ட கணக்கு மனத்தில் நிற்கும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, தடயத்தை வைத்துவிட்டு மலர்விழியின் வாயால் பொருள் சொல்லவைப்பது. ‘அத்தையின் வாழ்க்கை ஒரு வெல்லக் கட்டிக்காக அடகு போயிருந்தது என்று மலர்விழி உணர்ந்தாள்’ என்று உங்கள் கைப்பிரதியில் இருப்பது போன்ற வரிகளைத் தேடித் தேடி அடியுங்கள். ‘உணர்ந்தாள்’, ‘புரிந்தது’, ‘தோன்றியது’ மூன்றையும் கோப்பில் தேடினாலே பாதி வேலை முடியும்.

பொருளால் ஒட்டியாயிற்று. செயலாலும் ஒட்ட, உங்களிடம் தயாரான இடம் ஒன்று இருக்கிறது. பத்திரப் பதிவுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். வீட்டில் மூத்தவர், முன்பு இதையே செய்தவர், அவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் ஊரில் பேச்சு வராது என்று சரவணன் அத்தையை அழைக்கிறான். அதற்காகத்தான் மறுவாரம் தாமதமாக வரிசையும் வருகிறது, கரும்பு இரண்டு கட்டாக. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திர எழுத்தரின் கடை. அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சாட்சிக்கான இடத்தைப் பார்க்கிறார். 1995-ல் தன் பத்திரத்துக்குச் சாட்சி போட்டது யார் என்று எழுத்தரிடம் கேட்கிறார். அதெல்லாம் நினைவிருக்குமா என்கிறார் எழுத்தர். அத்தை பேனாவை மூடிக் கொடுத்துவிடுகிறார். இவ்வளவு போதும்.

ஆனால் கவனம். அத்தை மறுத்ததால் பத்திரம் நின்றுவிடக் கூடாது. இரண்டாவது சாட்சிக்கு எதிர் டீக்கடையில் ஆள் கிடைக்கும், ஐந்து நிமிட வேலை. சரவணன் அப்படியே ஓர் ஆளைக் கூட்டிவரட்டும். துணைப்பாத்திரம் நாயகியின் சிக்கலைத் தீர்த்துவைத்தால், நாயகி வேடிக்கை பார்த்தவளாகிவிடுவாள். வாசகர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பதும் நியாயம். கிளைக்கதை மையக்கதைக்குத் தர வேண்டியது அழுத்தம், தீர்வல்ல. அத்தை மறுப்பால் எதையும் நிறுத்த முடியவில்லை, தான் முப்பது வருடம் காத்த வாசலையும் இழந்துவிட்டார். அதைக் கண்ணால் பார்த்த பிறகு மலர்விழி பேனாவை எடுக்க வேண்டும் அல்லது எடுக்காமல் எழ வேண்டும். உங்கள் இப்போதைய வரைவில் வங்கிக் கடிதம் ஒன்று சரியான நேரத்தில் வந்து காப்பாற்றுகிறது. அதை எடுத்துவிடலாம்.

எண்ணிக்கை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே உறுதி குறைவு. சொல்வது பழக்கத்தில் கண்ட அளவு, விதி அல்ல. 70,000 சொல் நாவலில் இரண்டு கிளைக்கதைகள் வசதியாக நிற்கும், மூன்றாவது மூச்சு முட்டவைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஐந்திலிருந்து எட்டுக் காட்சிகள். முதல் தடயம் நாவலின் முதல் கால்பகுதிக்குள், அதாவது உங்களுக்கு ஒன்பதாம் அத்தியாயத்துக்குள் விழுந்துவிட வேண்டும். பிந்தினால், தேவைக்காக இடையில் கொண்டுவந்தது போலத் தெரியும். இரண்டு தடயங்களுக்கு நடுவே ஏழெட்டு அத்தியாயங்களுக்கு மேல் போனால் வாசகர் மறந்துவிடுகிறார். போகத்தான் வேண்டுமென்றால் நடுவில் ஒரு வாக்கியத்திலாவது அந்தப் பொருளைக் காட்டிவிடுங்கள். சிறுகதைக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே துணைப்பாத்திரத்துக்குக் கதை கிடையாது, ஒரு வரி முன்வாழ்வு போதும்.

நம் தொடர்கதை மரபில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் கைக்கு வந்துவிடுகிறது: அத்தியாயத்தை உச்சத்தில் நிறுத்திவிட்டு அடுத்ததில் வேறு பாத்திரத்துக்குத் தாவுவது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வார இதழில் வந்தபோது வாசகருக்கு இடையே ஒரு வாரம் இருந்தது. தாவல் அந்த இடைவெளிக்குச் சரியாக இருந்தது. உங்கள் நாவல் ஒரே மூச்சில் படிக்கப்படும். நித்யாவின் அத்தியாயங்களைத் தாண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்: மூன்று முறை மலர்விழியை நெருக்கடியில் விட்டுவிட்டு நித்யாவிடம் போகிறீர்கள், வாசகர் பக்கத்தைப் புரட்டி மலர்விழியைத் தேடுகிறார். ‘பொன்னியின் செல்வ’னிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சேந்தன் அமுதன் என்ற பாத்திரம். (முடிவு தெரிய வேண்டாதவர்கள் இந்த இடத்தை விட்டுவிடலாம்.) பூக்கைங்கரியம் செய்து, தேவாரம் பாடி, பூங்குழலியை விரும்பி வாழ்வதைத் தவிர வேறெதுவும் கேட்காதவன் என்று முதல் பாகத்திலேயே நாட்டப்பட்டவன், ஐந்தாம் பாகத்தில் அரியணைக்கு உரியவன் என்று தெரிகிறது. மர்மம் உடைவதைவிட, வேண்டாம் என்பவனிடம் அரியணை போய்ச் சேர்வதுதான் அங்கே கனக்கிறது. அந்த ‘வேண்டாம்’ ஆயிரம் பக்கங்களுக்கு முன்பே சம்பாதித்து வைக்கப்பட்டது.

இரண்டாவது கிளைக்கதை அண்ணிக்குத்தான் போக வேண்டும். இப்போது அவர் வில்லியாக இருக்கிறார், காரணம் இல்லாமல் நச்சரிக்கிறார். அவருடைய நகை சரவணனின் கடனுக்காக அடகில் இருக்கிறது, தன் பிறந்த வீட்டில் அதைச் சொல்லவில்லை என்று வையுங்கள். கல்யாண வீட்டில் கவரிங் போட்டுக்கொண்டு போகும் ஒரு காட்சி, வட்டிச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகும் ஒரு காட்சி. எதிரியின் பக்கம் நியாயம் வரும்போது மலர்விழியின் முடிவு கடினமாகிறது, அது உங்களுக்கு வேண்டியதுதான்.

அத்தையும் அண்ணியும் ஒரு முறையாவது தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும், மலர்விழி அதில் கலந்துகொள்ளாமல். கம்பன் கும்பகருணனையும் வீடணனையும் போர்க்களத்தில் சந்திக்கவைக்கும்போது இராமன் அந்தப் பேச்சில் இல்லை. தவறு செய்யும் அண்ணனுக்குத் தம்பி என்ன செய்ய வேண்டும் என்ற ஒரே கேள்விக்கு இரண்டு தம்பிகள் இரண்டு விடைகளோடு எதிரெதிரே நிற்கிறார்கள். இரண்டும் நியாயமாக இருக்கிறது. உங்கள் கதையில் மலர்விழி அடுப்படிக்கு வெளியே நின்று, பாதி வாக்கியங்களை மட்டும் கேட்கலாம்.

நித்யாவை முழுக்க எடுத்துவிடுவதா என்பதில் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவளுக்குப் பங்கு கிடையாது என்று அவள் அப்பா மிரட்டுவதாக இரண்டாம் வரைவில் ஒரு வரி வருகிறது. அப்படிச் சட்டம் எதுவும் இல்லை, ஆனால் பலரும் நம்புகிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டால் நான்கு காட்சிகளில் அவளும் அதே கேள்விக்குள் வருவாள். பிடிக்க முடியாவிட்டால், அவளைத் தோழியாகவே விட்டுவிட்டு அந்த 9 அத்தியாயங்களைத் தனிக் கோப்பில் சேமியுங்கள். அது வேறொரு நாவலின் தொடக்கமாக இருக்கலாம்.

திருத்தும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் 38 அத்தியாயங்களையும் சிறு அட்டைகளில், அத்தியாயத்துக்கு ஒரு வரியாக எழுதித் தரையில் பரப்புங்கள். அத்தைக்கு மஞ்சள், அண்ணிக்குப் பச்சை என்று மை வைத்து, எங்கே தடயம் விழுகிறது என்று புள்ளியிடுங்கள். வெற்றிடம் கண்ணுக்குத் தெரியும். பிறகு அத்தையின் காட்சிகளை மட்டும் தொடர்ச்சியாக, நடுவில் மலர்விழியின் கதை இல்லாமல், ஒரே அமர்வில் எழுதுங்கள். குரல் மாறாமல் இருக்கும். எழுதி முடித்த பிறகே வெட்டி உரிய இடங்களில் பொருத்துங்கள். சரவணன், செல்லம்மா, சுந்தரம் என்று மூன்று பேர் ‘ச’வில் தொடங்குவதையும் அப்போதே மாற்றிவிடுங்கள், துணைப்பாத்திரங்களை வாசகர் குழப்பிக்கொள்ள அதுவே பெரிய காரணம்.

முடிவில் அத்தைக்குத் தனி அத்தியாயம் வேண்டாம். அவருடைய முடிவு பத்திர எழுத்தர் கடையிலேயே நிகழ்ந்துவிட்டது, மீதம் இருப்பது அதன் விலை மட்டும். கடைசி அத்தியாயத்தில் அடுத்த பொங்கல் வரட்டும். சரவணன் வீட்டிலிருந்து எதுவும் போகவில்லை என்பதற்கு அரை வாக்கியம். மலர்விழி ஒரு கட்டுக் கரும்பை வாங்கி, நடத்துநரிடம் லக்கேஜ் டிக்கெட்டுக்குப் பேரம் பேசி, அத்தை ஊர்ப் பேருந்தில் ஏறுகிறாள். வாசலில் அவர்கள் சந்திப்பதை எழுதாமல் விடுங்கள்.